பெயரும் பீடும்: மறைந்த நீர்மூழ்கிக் கப்பல் வீரரின் வாழ்க்கையைத் தொகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்த மறுநாள் தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் "முன்னாள் ராணுவ வீரர்" என்று போட்டிருந்தது. அவர் ராணுவத்தில் இருந்ததில்லை. கடற்படையில், அதிலும் நீர்மூழ்கிப் பிரிவில், பதினைந்து வருடம் இருந்தவர். எங்கள் ஊரில் முப்படையில் எதில் இருந்தாலும் மிலிட்டரிக்காரர்தான், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பத்திரிகை விளம்பரத்திலாவது சரியாகப் போடலாம் என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவர் இருந்த கப்பலின் பெயரைத் தவிர எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கப்பலுக்குள் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதுகூடத் தெரியவில்லை.

அன்றைக்குத் தொடங்கியது. மூன்று வருடம் தேடி, கேட்டு, எழுதி, கடைசியில் 48 பக்கத்தில் ஒரு சிறு புத்தகமாக அச்சடித்தோம். நடுகல்லில் வீரனின் பெயரையும் பீட்டையும், அதாவது பெருமையையும், எழுதி வைப்பது நம்முடைய பழைய வழக்கம். பெயர் எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது. பீட்டைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இந்தியக் கடற்படையில் நீர்மூழ்கி வீரராக இருந்து மறைந்த ஒருவரின் மகனோ, மகளோ, பேத்தியோ, நண்பரோ நீங்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவரின் வாழ்க்கை அவர் வீட்டில் இருக்காது. அவரோடு அந்த இரும்புக் குழாய்க்குள் இருந்த எழுபது சொச்சம் பேரிடம்தான் இருக்கும். அந்த முதல் தலைமுறை இப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மனிதர்களை முதலில் பிடியுங்கள்.

முதல் வாரம்: எதையும் தூக்கிப் போடாதீர்கள்

காரியம் முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்வார்கள். பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பழைய காகிதங்கள் அப்போதுதான் போகும். அதற்கு முன்பாக ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இவற்றைச் சேருங்கள்: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, பதக்கங்கள், நீர்மூழ்கி வீரர்கள் அணியும் டால்பின் பேட்ஜ், பழைய கடிதங்கள், குரூப் போட்டோக்கள், டைரி, முகவரி எழுதிய சின்ன நோட்டு. எதையும் வகை பிரிக்க வேண்டாம். எந்தக் கடிதம் எந்தக் கவரில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும்.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது அவருடைய செல்போன். நம்பரை உடனே நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது ரீசார்ஜ் செய்து வையுங்கள். அப்பாவின் போனுக்கு அவர் இறந்த நாற்பதாம் நாள் ஒரு அழைப்பு வந்தது. கேரளத்திலிருந்து ஒரு பழைய ஷிப்மேட், அதாவது கப்பலில் கூட இருந்தவர், விஷயம் தெரியாமல், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் நீண்ட நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவர் வழியாகத்தான் மற்ற ஆறு பேரும் கிடைத்தார்கள். வாட்ஸ்அப்பில் பழைய போட்மேட்களின் குழு இருந்தால், அதில் சேதியை முறையாகச் சொல்லிவிட்டு, அந்த எண்ணிலேயே தொடர்ந்து இருக்க அனுமதி கேளுங்கள்.

எந்த போட், எந்த வருடம்

நீர்மூழ்கியில் இருந்தவர்கள் அதைக் கப்பல் என்று சொல்ல மாட்டார்கள், போட் என்பார்கள். அவர் எந்த போட்டில் எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதுதான் எல்லாத் தேடலுக்கும் ஆணிவேர். அதனால் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். கல்வரி. 1967 டிசம்பர் 8 அன்று, அப்போது சோவியத் யூனியனில் இருந்த ரீகா துறைமுகத்தில், கடற்படையில் சேர்ந்தது. அதன் முதல் கமாண்டர் கே.எஸ். சுப்ரமணியன். அந்த நாளைத்தான் இன்றுவரை நீர்மூழ்கிப் பிரிவின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அரபு–இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம் அது. கல்வரி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1968-ல் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. அடுத்து கந்தேரி, கரஞ்ச், குர்சுரா. பிறகு 1973, 74-ல் வேலா, வாகிர், வாக்லி, வாக்‌ஷீர். இந்த எட்டும் சோவியத் யூனியனில் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை. 1986-லிருந்து சோவியத்தின் கிலோ வகைப் படகுகள் சிந்துகோஷ் முதலாக வந்தன. அதே ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து ஷிஷுமார் வந்தது. இடையில் 1988 முதல் 1991 வரை குத்தகைக்கு எடுத்த அணுசக்தி நீர்மூழ்கி சக்ரா இருந்தது.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. கடற்படை பழைய பெயர்களைப் புதிய படகுகளுக்கு மறுபடி வைத்திருக்கிறது. 2017-ல் வந்த கல்வரி வேறு, 1967-ன் கல்வரி வேறு. எண்ணும் மாறிவிட்டது. பழைய கல்வரி எஸ் 23, பழைய கரஞ்ச் எஸ் 21. புதிய கல்வரிதான் எஸ் 21, புதிய கரஞ்ச் எஸ் 23. படகின் மேல்பகுதியில் எழுதிய எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் கிடைக்கும் ஒரு படத்தை எடுத்து அஞ்சலியில் போட்டால், அவர் காலடியே படாத போட்டின் படமாக அது ஆகிவிடும். நான் நல்ல வேளையாக அச்சுக்குப் போகும் முன் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது எங்கள் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆண்டுகளைக் கண்டுபிடிக்க டிஸ்சார்ஜ் புக் முதல் துணை. சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, கடைசி ரேங்க், பிரிவு எல்லாம் அதில் கிடைக்கும். அதைவிடச் சுவையான சாட்சி கடிதக் கவர்கள். கப்பலில் இருப்பவர்களுக்கு ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகத்தான் தபால் போகும், முகவரியில் போட்டின் பெயர் இருக்கும். தபால் முத்திரையில் தேதி இருக்கும். அம்மா அனுப்பி, அவர் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்த 31 இன்லேண்டு லெட்டர்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பியதும், டிஸ்சார்ஜ் புக்கில் இல்லாத இரண்டு வருட இடைவெளி நிரம்பிவிட்டது. உள்ளே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அம்மா படித்துவிட்டு எதைச் சொல்லலாம் என்று நினைத்தாரோ அதைச் சொன்னார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பதக்கங்களை நன்றாகக் கவனியுங்கள். விளிம்பில் எண்ணும் ரேங்க்கும் பெயரும் பொறித்திருக்கும். 1971 போரில் மேற்குப் பகுதியில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். எந்தக் கடலில் இருந்தார் என்பதை ஒரு ரிப்பனின் நிறமே சொல்லிவிடும். பதக்கத்தை பிராசோ போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம், தேய்க்கத் தேய்க்க எழுத்து மங்கும்.

முதல் தலைமுறையினர் பலர் சோவியத் யூனியனில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள், ரஷ்ய மொழி படித்தவர்கள். போட்டோக்களின் பின்பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அது ரீகாவாகவோ விளாதிவஸ்தோக்காகவோ இருக்கலாம். ரஷ்ய மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கூட இருந்தவர்களிடம் கேட்பது

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

முதல் அழைப்பில் எதையும் கேட்காதீர்கள். யார் என்று சொல்லி, சேதியைச் சொல்லி, அவர் பேச நினைப்பதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு, நேரம் கேட்டு, பதிவு செய்யலாமா என்று அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். போனில் பத்து நிமிடத்தில் முடிகிற பேச்சு, நேரில் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் போகும். பிறமொழிக்காரர் என்றால் அவர் வசதிப்படும் மொழியிலேயே பேசட்டும். அப்பாவின் நண்பர்கள் எல்லாரும் கப்பல் ஹிந்தியில்தான் பேசினார்கள், பாதி எனக்குப் புரியவில்லை. பதிவு இருந்ததால் பிறகு ஒருவரை வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

என்ன கேட்பது? "ஆபத்தான சம்பவம் ஏதாவது சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் சும்மா தலையை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ரகசியம் காத்தே பழகியவர்கள். சின்ன விஷயங்களைக் கேளுங்கள். எனக்குக் கதவைத் திறந்துவிட்ட கேள்விகள் இவை:

அவர் எந்த கம்பார்ட்மென்ட்டில் இருந்தார்? எங்கே படுப்பார், அந்தப் படுக்கையை வேறு யார் பகிர்ந்துகொண்டார்கள்? வாட்ச் (முறைப்பணி) முடிந்து வந்ததும் முதலில் என்ன செய்வார்? பத்தாவது நாளுக்கு மேல் சாப்பாட்டில் என்ன மிச்சம் இருக்கும்? அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? யாரோடு சண்டை போட்டார், யார் சமாதானம் செய்தார்கள்? கரை தெரிந்ததும் என்ன பேசுவார்?

கம்பார்ட்மென்ட் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஃபாக்ஸ்ட்ராட் போட் ஏழு அறைகளாகப் பிரிந்தது. முதலாவது முன்பக்க டார்பிடோ அறை. இரண்டாவதில் அதிகாரிகள், கீழே பாட்டரிகள். மூன்றாவது கட்டுப்பாட்டு அறை. நான்காவதில் மறுபடி பாட்டரி, சமையலிடம். ஐந்தில் மூன்று டீசல் எஞ்சின்கள். ஆறில் மின்மோட்டார்கள். ஏழாவது பின்பக்க டார்பிடோ அறை. அபாயச் சங்கு ஒலித்தால் அவரவர் இருக்கும் அறையின் இரும்புக் கதவை மூடித் திருகிவிட வேண்டும். அதன் பிறகு உள்ளே தண்ணீர் வந்தாலும் புகை வந்தாலும் அந்த அறைக்காரர்கள்தான் அதைச் சமாளித்தாக வேண்டும், மற்றவர்களுக்காகக் கதவு திறக்காது. ஆக, ஒருவர் எத்தனையாவது கம்பார்ட்மென்ட் என்பது அவர் யாரோடு சாகத் தயாராக இருந்தார் என்பதும்தான். இதை எனக்குப் புரியவைத்தவர் அப்பாவோடு நான்காவது கம்பார்ட்மென்ட்டில் இருந்தவர். அப்பா வாட்சுக்கு எழுந்து போன படுக்கையில், உடம்புச் சூடு ஆறுமுன் தான் போய்ப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். படுக்கை போதாது, இருவருக்கு ஒன்று. அதை அவர் ஒரு சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். அந்தப் பதிவை இப்போதும் அடிக்கடி கேட்பேன்.

அப்பா மின்சாரப் பிரிவு. பாட்டரிதான் அவர் வேலை. தண்ணீருக்கடியில் டீசல் எஞ்சின் ஓடாது, காற்று வேண்டும். பாட்டரியில்தான் போட் நகரும், விளக்கு எரியும், எல்லாமே. அவை சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கசியும், அளவு கூடினால் ஒரு பொறி போதும். அந்த வாயு அளவைப் பார்ப்பதும், ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளந்து எழுதுவதும், காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதும் என்று குனிந்தபடியே கழிந்த வருடங்கள். ஓய்வு பெற்று வந்தபின் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்கு மாதம் தவறாமல் தண்ணீர் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார். எதற்கு இவ்வளவு என்று நான் கேட்டதுண்டு. இப்போது அந்த நோட்டு பெட்டியில் பதக்கங்களோடு இருக்கிறது.

வீட்டில் இருந்தவரின் கதை

கணவர் கடலுக்கடியில் இருந்தபோது கரையில் குடும்பத்தை நடத்தியவரை மறந்துவிட்டால் அந்த வாழ்க்கை வரலாறு பாதிதான். அம்மா கல்யாணமாகி நேராக விசாகப்பட்டினம் கடற்படைக் குடியிருப்புக்குப் போனவர். தெலுங்கு அங்கேதான் கற்றார். எப்போது வருவார் என்று கேட்கக்கூடாது, கேட்டாலும் அவருக்கே தெரியாது. வந்த நாளில் துணியெல்லாம் டீசல் வாடை, தனியாக ஊறவைத்து மூன்று முறை அலச வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். அம்மாவிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்பதற்குப் பதில், சமைக்கும்போதும் காய் நறுக்கும்போதும் போனை ஓரமாகப் பதிவில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். அதுதான் சரியாக வந்தது.

அரசு ஆவணங்கள்

இது நீண்ட வேலை, ஆனால் சொல்வதற்கு அதிகம் இல்லை. மாலுமிகளாக இருந்தவர்களின் பணிப் பதிவேடுகள் மும்பை மான்கூர்டில் உள்ள கமடோர், பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்தில் இருக்கின்றன. அதிகாரிகளின் பதிவேடுகளுக்கு டெல்லியிலுள்ள கடற்படைத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். பணி எண், முழுப்பெயர், பிறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசு என்பதற்கான சான்று ஆகியவற்றோடு மனைவியின் பெயரில் விண்ணப்பிப்பது எளிது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். குடும்ப ஓய்வூதிய வேலைக்கு எப்படியும் அங்கே போக வேண்டியிருக்கும், அப்போதே இதையும் கேளுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டதைச் சரிபார்ப்பது

துக்க வீட்டில் ஒரு மாமா எல்லாரிடமும் "காஜியை மூழ்கடித்தவர் எங்கள் மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்பில் சொன்னது. ஆனால் அப்பா கடற்படையில் சேர்ந்ததே 1972-ல். பாகிஸ்தானின் நீர்மூழ்கியான பி.என்.எஸ். காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில். அதில் பேசப்படும் இந்தியக் கப்பலும் நீர்மூழ்கி இல்லை, ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பல். காஜி எதனால் வெடித்தது என்பதில் இரு நாடுகளும் வேறு வேறு காரணம் சொல்கின்றன. இப்படி ஒரு வரியை அச்சில் போட்டால், விவரம் தெரிந்த ஒரு போட்மேட் படிக்கும்போது மற்ற எல்லாப் பக்கங்களையும் சந்தேகப்படுவார். செய்யாததைச் சேர்த்தால் செய்ததற்கும் மதிப்புப் போய்விடும்.

1971 போரில் நம் நீர்மூழ்கிகள் எங்கே இருந்தன என்பது பொதுவில் உள்ள செய்திதான். கரஞ்சும் குர்சுராவும் அரபிக்கடலில், கந்தேரி வங்கக்கடலில். கரஞ்சின் கமாண்டராக இருந்த வி.எஸ். ஷெகாவத் வீர் சக்ரா பெற்றார், பின்னாளில் கடற்படைத் தலைவரானார். உங்கள் வீட்டுப் பெரியவர் அப்போது இவற்றில் இருந்திருந்தால் தேதிகளை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடற்படையே தன் வரலாற்றைப் பாகம் பாகமாக வெளியிட்டிருக்கிறது, பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

நினைவுக்கும் ஆவணத்துக்கும் முரண் வந்தால் என்ன செய்வது? தேதி, இடம், ரேங்க் ஆகியவற்றில் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி, குணம், பேச்சு இவற்றில் நினைவை நம்புங்கள். இரண்டு நண்பர்கள் ஒரே சம்பவத்தை வேறு வேறு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவிடலாம், யார் எப்படிச் சொன்னார்கள் என்ற குறிப்போடு.

எழுதக்கூடாதவை

எத்தனை ஆழம் வரை போனோம், எந்த வழியில் ரோந்து போனோம், எந்தக் கருவி எப்படி வேலை செய்தது, சங்கேதம் என்ன என்பதையெல்லாம் யாராவது சொன்னாலும் எழுத வேண்டாம். ஐம்பது வருடப் பழங்கதை என்றாலும் சொன்னவர் ஓய்வூதியக்காரர், 1923-ன் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அரிஹந்த் போன்ற அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்தவர்கள் என்றால் வேலை பற்றிய பகுதியையே விட்டுவிட்டு மனிதரைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

பணியில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் மும்பை கடற்படைத் துறைமுகத்தில் நின்றிருந்த ஐ.என்.எஸ். சிந்துரக்‌ஷக்கில் வெடி ஏற்பட்டு 18 பேர் இறந்தார்கள். மறுநாள் சுதந்திர தினம். உடல்களை அடையாளம் காண டி.என்.ஏ. சோதனை தேவைப்பட்டது. 2014 பிப்ரவரியில் சிந்துரத்னாவில் ஏற்பட்ட புகையில் இரண்டு இளம் அதிகாரிகள் இறந்தார்கள், இருவருக்கும் மறைவுக்குப் பின் சௌர்ய சக்ரா வழங்கப்பட்டது. இத்தகைய மரணங்களை எழுதும்போது கடைசி நிமிடங்களைக் கற்பனை செய்து எழுதாதீர்கள். உள்ளே என்ன நடந்தது என்பது உள்ளே இருந்தவர்களோடு போய்விட்டது. அவர் அன்று காலை வீட்டுக்குப் போன் செய்து என்ன பேசினார் என்பது உங்களுக்குத் தெரியும், அதை எழுதுங்கள். யார் தவறு என்ற விசாரணையை அஞ்சலிக்குள் கொண்டுவர வேண்டாம், அதற்குத் தனி இடம் உண்டு. முக்கியமாக, மனைவியும் பெற்றோரும் படித்துச் சம்மதம் சொல்லாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது.

குடி, கோபம், ஓய்வுக்குப் பின் வேலை கிடைக்காமல் திண்டாடியது போன்றவற்றை எழுதலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, எழுதலாம். மூடிய அறையில் வாழ்ந்தவருக்கு அமைதியான வீட்டில் தூக்கம் வராமல் போனதை மறைத்தால், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சிலைதான் கிடைக்கும். ஆனால் அதையும் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகே.

எழுதுவது எப்படி

"நாட்டுக்காகத் தன்னலமற்ற சேவை செய்த மாமனிதர்" என்று எழுதினால் யாருடைய பெயரையும் அதில் போட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வரிகளை எடுத்துவிட்டு, அவரை மட்டுமே குறிக்கும் வரிகளைப் போடுங்கள். நான் முதலில் எழுதியது: "அவர் கடற்படையில் சிறப்பாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார்." ஏழாவது தடவை எழுதியது: "1972-ல் சேர்ந்தார். வேலாவின் நான்காவது கம்பார்ட்மென்ட்டில் பாட்டரிகளைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு செல்லின் அளவையும் பென்சிலால் எழுதுவார், மை வியர்வையில் கரைந்துவிடும் என்பதால். பெட்டி ஆபீசர் என்ற மாலுமி ரேங்க்கில் ஓய்வு பெற்றார்." பென்சில் விஷயம் அந்த கேரளத்து நண்பர் சொன்னது. அந்த ஒரு வரிக்காகவே அத்தனை பயணமும் தகும்.

பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்றில்லை. ஒரு வாட்சிலிருந்து தொடங்கலாம். வேலைச் சொற்களை அவர்கள் சொன்னபடியே வையுங்கள்: போட், வாட்ச், ஸ்நார்ட் (மூழ்கியபடியே குழாய் வழியாகக் காற்று இழுப்பது), சீஃப், கம்பார்ட்மென்ட். முதல் முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டால் போதும். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தே ஒரு தொடர்பு கிடைத்ததையும் சேர்த்தேன். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை வானொலி நிலையம் 1990 முதல் இருக்கிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் அங்கிருந்து போகும் செய்தி கடலுக்குள் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும், மூழ்கியிருக்கும் போட் அதைக் கேட்டுக்கொள்ளும், திருப்பிப் பேசாது. அப்பா அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உயரமான அந்தக் கோபுரங்களை ஜன்னலோரம் திரும்பிப் பார்ப்பார். காரணம் சொன்னதில்லை.

போட்டோவும் காகிதமும்

சாதாரண போட்டோவை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. நெகட்டிவ் இருந்தால் 2400-க்குக் குறையாமல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். லேமினேட் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பசை ஒட்டிய பழைய ஆல்பத்தில் இருக்கும் படங்களை இழுத்துக் கிழிக்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். குரூப் போட்டோவை ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப்போய், தலைக்கு மேல் எண் எழுதி, எந்த எண் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர் மறந்த முகங்களுக்கு ஊரையாவது சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.

நினைவு நாள்

தேசியக் கொடி பற்றி ஒரு எச்சரிக்கை. அரசு, ராணுவ, மத்திய துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே கொடியை உடல்மேல் போர்த்தலாம் என்பது கொடி விதி. அப்போதும் அதை எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது. ஆசையில் நாமாகப் போர்த்த வேண்டாம். மாவட்ட நல அலுவலகத்தையும் உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்தையும் கேட்டுச் செய்யுங்கள்.

வருடா வருடம் திதி கொடுப்பது வீட்டு வழக்கம். அதோடு டிசம்பர் 8-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அமெரிக்க நீர்மூழ்கி வீரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அவர்கள் இழந்தது 52 போட்கள், சுமார் 3,500 பேர். ஒவ்வொரு போட்டின் பெயரையும் வாசித்து ஒரு முறை மணி அடிப்பார்கள். இறந்தவர்கள் என்று சொல்ல மாட்டார்கள், நித்திய ரோந்தில் இருக்கிறார்கள் என்பார்கள். நாங்கள் டிசம்பர் 8 மாலை, அப்பாவின் பெயரையும், அவருக்கு முன்னும் பின்னும் மறைந்த அவருடைய போட்மேட்களின் பெயர்களையும் வாசிக்கிறோம். பெயருக்கு ஒரு தடவை அம்மா பூஜை மணியை அடிக்கிறார். போன வருடம் வாசித்தது ஐந்து பெயர்.

முடிந்தால் ஒருமுறை விசாகப்பட்டினம் போய்வாருங்கள். ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா கரையேற்றி நிற்கிறது. 1969-ல் சேர்ந்து 2001 வரை ஓடியது, 2002 முதல் அருங்காட்சியகம். 91 மீட்டர் நீளம், உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். எந்த ஃபாக்ஸ்ட்ராட்டில் இருந்தவராக இருந்தாலும் அறை அமைப்பு ஏறத்தாழ இதேதான். கம்பார்ட்மென்ட் எண் தெரிந்திருந்தால் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். என் மகள் நான்காவது அறையில் நின்று, தாத்தா எங்கே படுத்தார் என்று கேட்டாள். காட்ட முடிந்தது. எதிரே கடல். அதே கடலில், கரையிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில்தான் காஜியும் அதன் 93 பேரும் கிடக்கிறார்கள். 2024-ல் நம் கடற்படை அந்த இடத்தைக் கண்டறிந்தபோது, உள்ளே இருப்பவர்களுக்கு மரியாதையாகத் தொடாமல் விட்டுவந்ததாகச் சொன்னது. அன்று அவர்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அச்சும் பிரதிகளும்

புத்தகம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எங்களுடையது 48 பக்கம், 60 பிரதி, ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலேயே அடித்தோம். பின்பகுதியில் ஒரு பக்கத்துக்கு ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ சுருக்கம் போடுங்கள், தமிழ் தெரியாத போட்மேட்கள் படிக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கப்போகிறவர்கள் எழுபது தாண்டியவர்கள். அவர் படித்த பள்ளிக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று, பேசிய ஒவ்வொரு நண்பருக்கும் ஒன்று ஸ்பீட் போஸ்ட்டில். கடைசி இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டு, தவறு இருந்தால் இதிலேயே எழுதி எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். இதுவரை நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் அப்பாவின் வாட்ச் நேரத்தைத் திருத்தினார். இன்னொருவர் திருத்தம் எதுவும் எழுதவில்லை. அந்த இரண்டு பக்கத்திலும் நான்காவது கம்பார்ட்மென்ட்டின் படத்தைப் பென்சிலால் வரைந்து, எந்தப் படுக்கையில் யார் என்று பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார்.